ஊற்றிய கை

குவாரிக்காரர் எடுத்த எடுப்பில் ஆள் மேல் கை வைக்கவில்லை. ஒர்க்ஷாப் வாசலில் நின்ற வெள்ளைக் காரின் பின்கண்ணாடியில்தான் முதலில் சம்மட்டியை இறக்கினார். கண்ணாடி மொத்தமும் பொடிப்பொடியாக உள்ளே கொட்டியது. அது யாரோ ஒரு வாத்தியாருடைய கார், பாவம். பிரேக் கீச்சென்று கத்துகிறது என்று காலையில்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார். அடுத்த அடியில் வேலை மேசை கவிழ்ந்து ஸ்பேனர்கள் தரையெல்லாம் சிதறின. அதற்கடுத்த அடி கம்ப்ரஸருக்கு. காற்றுக் குழாய் பிய்த்துக்கொண்டு, சீறியபடி, நின்றவர்கள் கால்களை விளாசியது.

"எவன்டா என் வண்டிக்கு கியர் ஆயில் மாத்துனது? வெளிய வாங்கடா!"

அவர் பின்னால் இரண்டு லோடுமேன்கள், ஆளுக்கொரு கடப்பாரையோடு. அவர்களுக்கும் பின்னால், தெருவில், லாரியில் கட்டி இழுத்துவரப்பட்ட அவருடைய கறுப்பு ஆட்டோமேட்டிக் கார். பின்பம்பர் உள்வாங்கி நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அது சேறு இல்லை.

கல்லா மேசைக்குப் பின்னால் தபாலக்கா நின்றிருந்தாள். அந்தக் கார் ஏன் திரும்பி வந்திருக்கிறது என்று அந்த இடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும்.

தபாலக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, பக்கத்து டயர் கடைக்காரன் வைத்தது. அந்த ஒர்க்‌ஷாப்பில் இரண்டே ஆண்கள். ஒருவர் அவள் வீட்டுக்காரர். அவரை எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். இன்னொருவன் அவள் கூடப் பிறந்த தம்பி. பொழுதெல்லாம் வண்டிகளின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு கிடப்பதால் அவனுக்குப் பல்லி என்று பேர். இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வண்டிக்கு அடியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு வேலை செய்வார்கள். ஆனால் ஒரு வார்த்தை? மூச்! "உன் தம்பிகிட்டச் சொல்லு, பத்தொன்பது ஸ்பேனரை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் மேஸ்திரி. பல்லி ஒரு முழ தூரத்தில்தான் கிடப்பான். அவனுக்குக் கேட்காதா? நன்றாகக் கேட்கும். ஆனாலும் தபாலக்கா கல்லாவிலிருந்து எழுந்துவந்து, குனிந்து, "தம்பி, பத்தொன்பதைத் தள்ளுப்பா" என்று சொன்னால்தான் ஸ்பேனர் நகரும். இப்படி இரண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் தன் வாயை வாடகைக்கு விட்டவள்போல அலைந்துகொண்டிருந்தாள்.

சண்டை ஆரம்பித்ததும் கியர்பாக்ஸ் ஆயிலில்தான். ஒருமுறை பல்லி ஆயில் ஊற்றி, அளவு பார்க்கிற கம்பியையும் இழுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொன்னான். மேஸ்திரி கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, குறைகிறது, கண்ணு தெரியலையா என்றார். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொன்னார். பேச்சுக்குப் பேச்சு வார்த்தை தடித்து, பல்லி கையிலிருந்த ஸ்பேனர் பறந்துபோய் மேஸ்திரியின் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு அவர் கொடுத்த அறையில் பல்லிக்கு ஒரு வாரம் காதில் ரீங்காரம். அன்றோடு பேச்சு நின்றது. பிரிந்து போகவும் முடியாது. இடம் பல்லியுடையது, அப்பா விட்டுப்போனது. வண்டியைத் தூக்குகிற லிஃப்டும் பிரஸ்ஸும் சாமான்களும் மேஸ்திரியுடையவை. ஒன்றில்லாமல் மற்றது ஓடாது. ஆகவே தபாலக்காதான் ஒரு வழி பண்ணினாள். இனிமேல் கியர்பாக்ஸில் ஆயில் ஊற்றுகிறவன் அளவு பார்க்கக் கூடாது, மற்றவன்தான் வண்டியை ஓடவிட்டு, சூடேற்றி, கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். ஒருவன் வேலையை ஒருவன் பார்த்தால் சண்டை ஏது? ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று அவளுக்கே பெருமை.

குவாரிக்காரரின் கார் ஆயில் மாற்ற வந்த அன்று காலையிலேயே தபால் கனமாக இருந்தது. "உன் தம்பிகிட்டச் சொல்லு, அவனுக்குக் கண்ணு பொடனியில இருக்குன்னு" என்றார் மேஸ்திரி. "மாமாகிட்டச் சொல்லுக்கா, அவருக்கு வாய் மட்டும்தான் நல்லா வேலை செய்யுதுன்னு" என்றான் பல்லி. டயர் கடைக்காரன் இதைக் கேட்டுவிட்டு, "அக்கா, எனக்கு ஏதாவது தபால் இருக்கா?" என்று கத்தினான். அங்கே நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. போங்கடா நீங்களும் உங்கள் ரோஷமும், இன்றைக்கு ஒரு சொல்லைக்கூடத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன் என்று பல்லைக் கடித்தாள்.

அன்றைக்கென்று அப்படி அமைந்தது. பல்லி சாப்பிடப் போயிருந்தபோது மேஸ்திரி கறுப்புக் காரின் பழைய ஆயிலை வடித்தார். கன்னங்கரேலென்று, தீய்ந்த வாடையோடு, தட்டு நிறைய இறங்கியது. பீப்பாயிலிருந்து சிவப்பான புது ஆயிலைக் கைப்பம்பால் இழுத்து ஊற்றினார். அதற்குள் பெரிய சாலையில் ஒரு லாரி படுத்துவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டான். கிளம்பும்போது, "ஊத்திட்டேன். உன் தம்பியை அளவு பார்க்கச் சொல்லு" என்றுவிட்டுப் போனார். தபாலக்கா வாயைத் திறக்கவில்லை.

பல்லி வந்தான். தட்டு நிறைய கறுப்பு ஆயில், பக்கத்தில் பம்பு. மாமா வடித்துவிட்டுப் போய்விட்டார், ஊற்றுகிற வேலை நம் தலையில் என்று நினைத்தான். அதே பீப்பாயிலிருந்து அதே அளவு ஆயிலை இவனும் ஊற்றினான். கம்பியை இழுத்துப் பார்த்தானா? ஊற்றினவன் எப்படிப் பார்ப்பான்? கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, ஊத்தியாச்சு, மாமா வந்ததும் பார்க்கச் சொல்லிடு" என்றான்.

அப்போது அவளுக்குப் புரிந்தது. இரண்டு பேரும் ஊற்றியிருக்கிறார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் சொல்லவில்லை. குறைந்தால்தானே கெடுதல், கூடினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். அது மட்டுமில்லை, வண்டி திரும்பி வரட்டும், இரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்து நீயா ஊத்துனே, நீயா ஊத்துனே என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளட்டும் என்றும் நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. சாயங்காலம் குவாரி டிரைவர் வந்து கேட்டபோது சாவியை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். வண்டி போய்விட்டதைப் பார்த்த மேஸ்திரி, பல்லி அளவு பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். பல்லி, மாமா பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது அந்த வண்டிதான் வாசலில் நின்றது.

"நான்தான் மாத்துனேன்" என்று மேஸ்திரி முன்னால் வந்தார். "என்ன ஆச்சுங்க? உக்காந்து பேசலாம்."

லோடுமேன் ஒருவன் கடப்பாரையின் தடித்த முனையால் அவர் வயிற்றில் ஒரு குத்து விட்டான். மேஸ்திரி மடங்கி முழங்காலில் விழுந்தார். மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"என்ன ஆச்சா?" குவாரிக்காரர் அவர் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினார். குவாரிக்காரரின் கண் இரண்டும் ரத்தச் சிவப்பாக இருந்தன. தூங்கிய முகம் இல்லை அது. "பள்ளத்துலேர்ந்து மேட்டு ரோட்டுல ஏறுறேன். பாதி மேடு வரைக்கும் நல்லாத்தான் வந்துது. அப்புறம் மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்குது. பிரேக் பிடிச்சாலும் சரளையில வழுக்கிப் பின்னாடி உருளுது. என் தம்பி சக்கரத்துக்குக் கல்லு வைக்க ஓடுறான். அப்பப் பார்த்து கியர் டமார்னு விழுந்து ஒரு எகிறு எகிறி, மறுபடியும் விட்டுப்போச்சு. பின்னாடி நின்ன லாரிக்கும் வண்டிக்கும் நடுவுல என் தம்பி. விடியக்காலம் அவன் காலை முட்டிக்குக் கீழே வெட்டி எடுத்துட்டாங்கடா! நான்தான்டா ஸ்டீரிங்கைப் பிடிச்சிருந்தேன்!"

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. உடைந்த குரலை மறைக்கவோ என்னவோ, மேஸ்திரியின் முகத்தில் முழங்காலால் இடித்தார். மூக்கிலிருந்து ரத்தம் குபுக்கென்று வந்து சட்டையில் வழிந்தது.

லிஃப்டுக்கு அடியிலிருந்து பல்லி பாய்ந்து வந்தான். "அவரை விடுங்க! ஆயில் ஊத்துனது நான்!"

"நீயா? இவன் நான்தான்னு சொல்றான்."

"அவர் வடிச்சார். ஊத்துனது நான்."

"நான் ஊத்திட்டுத்தாங்க போனேன்!" என்று தரையிலிருந்து மேஸ்திரி கத்தினார். குவாரிக்காரரைப் பார்த்துத்தான் கத்தினார், பல்லியைப் பார்த்து இல்லை.

குவாரிக்காரர் போய் கறுப்புக் காரின் பானட்டைத் திறந்து, அளவுக் கம்பியை உருவிக்கொண்டு வந்தார். கோடு எங்கேயோ இருந்தது, ஆயில் எங்கேயோ இருந்தது. கம்பி நெடுக இளஞ்சிவப்பாக நுரை. துணி துவைத்த தண்ணீரில் வருகிற மாதிரி நுரை. அதைப் பார்த்ததும் மேஸ்திரிக்கு விளங்கிவிட்டது. அளவுக்கு மேல் ஆயில் போனால் உள்ளே சுற்றுகிற சக்கரங்கள் அதைக் கடைந்துவிடும். கடைந்தால் நுரை. நுரையில் அழுத்தம் ஏது? அழுத்தம் இல்லாமல் கியர் பிடிக்காது, பிடித்தால் மேட்டில் எகிறிப் பிடித்து மறுபடி நழுவும். சூடேறும் வரைக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு ஆளும் ஊற்றியிருக்கிறார்கள். மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருடா ஊத்துனது? கடைசியா கேக்குறேன்."

"நான்தான்" என்றார் மேஸ்திரி.

"நான்தான்" என்றான் பல்லி.

குவாரிக்காரருக்கு அது கிண்டலாகப் பட்டது. ஒருத்தனைக் காப்பாற்ற ஒருத்தன் பழியை ஏற்கிறான், இவர்கள் பாசத்தை என்னிடமா காட்டுகிறார்கள் என்று கொதித்தார். கையைக் காட்டினார். லோடுமேன்கள் பல்லியைச் சுவரோடு சேர்த்து வைத்து அடித்தார்கள். முகத்தில், விலாவில், மறுபடி முகத்தில். ஒரு பல் தெறித்து டயர் அடுக்கின் மேல் விழுந்தது. தபாலக்கா மேசையைச் சுற்றி ஓடிவந்து ஒருவன் முதுகில் இரண்டு கையாலும் குத்தினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் தள்ளினான். ஸ்பேனர்கள் மேல் போய் விழுந்தாள்.

"ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்க!" என்று விழுந்த இடத்திலிருந்து அலறினாள். "ரெண்டு பேருமே ஊத்திட்டாங்க! ஒருத்தர் ஊத்துனது இன்னொருத்தருக்குத் தெரியாது!"

அடி நின்றது. டயர் கடை, டீக்கடை, தெருவில் ஒரு இடத்தில்கூட சத்தம் இல்லை. எல்லாரும் ஷட்டரை இறக்கிவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் தெரியாது?" என்றார் குவாரிக்காரர்.

"அவங்க பேசிக்க மாட்டாங்க."

"பேசிக்க மாட்டாங்களா?"

"நான்தான் சொல்லணும். ரெண்டு பேரும் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல. தெரிஞ்சேதான் சொல்லல. வண்டிச் சாவியைக் கொடுத்ததும் நான்தான். தப்பு என் மேலதான். வேணும்னா என் காலை எடுத்துக்கங்க."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். பல்லியும், வீங்கிப்போன ஒரு கண்ணால், பார்த்தான். அவளுக்கு அந்த இரண்டு பார்வையையும் தாங்க முடியவில்லை.

குவாரிக்காரர் சிரித்தார். கேட்கவே அருவருப்பாக இருந்த சிரிப்பு. "வீட்டுச் சண்டை! உங்க வீட்டுச் சண்டைக்கு என் தம்பி கால்! நல்லா இருக்குடா, ரொம்ப நல்லா இருக்கு." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "உன் காலை எடுத்துட்டுப் போய் நான் என்னம்மா பண்றது? பொம்பளையை அடிச்சுட்டு வந்திருக்கேன்னு என் தம்பிகிட்டச் சொல்லவா? எனக்கு ஒரு ஆம்பிளைக் கால் வேணும். ஒண்ணு போதும், நான் ஒண்ணும் கொலைகாரன் இல்ல."

சம்மட்டியை மேஸ்திரியின் முன்னால் போட்டார். சிமெண்டுத் தரை அதிர்ந்தது.

"நீ பெரியவன். எடு. உன் மச்சான் காலை உடை. ஒரே அடி. ஒரே ஒரு அடி அடிச்சா நான் போயிடுவேன். அடிக்கலன்னா உங்க ரெண்டு பேர் நாலு காலையும் நானே உடைச்சுட்டுப் போறேன்."

"வேண்டாங்க, வேண்டாங்க" என்று தபாலக்கா அவர் காலைப் பிடித்தாள். மேஸ்திரி சம்மட்டியைத் தொடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், மாட்டேன், மாட்டேன் என்று. அவளுக்கு அந்தக் கணத்தில் தன் புருஷனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. என்ன இருந்தாலும் மனுஷன், என் தம்பி மேல் கை வைக்க மாட்டார் என்று நெஞ்சு உருகியது.

குவாரிக்காரர் ஒரு லோடுமேனைப் பார்த்தார். அவன் கடப்பாரையை ஓங்கி மேஸ்திரியின் முழங்காலுக்குக் குறி வைத்தான்.

"அடிங்க மாமா" என்றான் பல்லி.

அத்தனை நாளைக்குப் பிறகு அவன் அவரைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. வாயெல்லாம் ரத்தம், சொல் குழறியது. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வலது காலை நீட்டி, லிஃப்டின் இரும்புச் சட்டத்தின் மேல் அவனே வைத்தான். "நாலு போறதுக்கு ஒண்ணு போகட்டும். அடிங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டு அடிங்க மாமா."

மேஸ்திரி எழுந்தார். சம்மட்டியை எடுத்தார். அழுதுகொண்டிருந்தார், அது பொய் இல்லை, கண்ணீரும் மூக்கு ரத்தமும் கலந்து தாடையில் சொட்டியது. "மன்னிச்சுடுடா" என்றார். தபாலக்கா கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

சம்மட்டி இறங்கியது. கட்டை முறிகிற சத்தம். முழங்காலுக்குக் கீழே பல்லியின் கால் மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியது. அவன் வாயிலிருந்து வந்தது மனிதக் குரலாகவே இல்லை.

முடிந்தது, ஒரே அடி, முடிந்தது என்று தபாலக்கா எழப்போனாள்.

மேஸ்திரி மறுபடி ஓங்கினார். இந்த முறை அவர் அழவில்லை. கண்ணை மூடவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, தலைக்கு மேல் கொண்டுபோய், முழு மூச்சில் இறக்கினார். சம்மட்டி முட்டியிலேயே விழுந்தது.

"ஏய்!" குவாரிக்காரர்தான் பாய்ந்துவந்து அவர் கையைப் பிடித்தார். "ஒண்ணுன்னுதானேடா சொன்னேன்!" சம்மட்டியைப் பிடுங்கித் தூர எறிந்தார். மேஸ்திரியையும் தரையில் கிடந்த காலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. தன் ஆட்களிடம், "வாங்கடா, போலாம்" என்றார். அவர்கள் காரைக்கூட அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு, லாரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம்தான் ஷட்டர்கள் ஏறின. டயர் கடைக்காரன் வேனை எடுத்துவந்தான். ஒரு பழைய கதவுப் பலகையில் பல்லியைக் கிடத்திப் பின்னால் ஏற்றினார்கள். தபாலக்கா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி கால்மாட்டில் உட்கார்ந்து பலகையை ஆடாமல் பிடித்துக்கொண்டார். பல்லி நினைவு வருவதும் போவதுமாக இருந்தான்.

"ஏங்க" என்றாள் அவள். "ஒரு அடின்னுதானே சொன்னான்?"

"முத அடி சரியா விழல."

"சத்தம் கேட்டுச்சுங்க. எனக்கே கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கல" என்றார். வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு, "எல்லாம் உன்னாலதான்" என்றார். அது நிஜம்தான். அவள் தம்பியின் வாயோரத்து ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பல்லியை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். இளம் டாக்டர் ஒருத்தி படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, அவர்கள் நின்ற கட்டிலருகே வந்தாள்.

"கீழ்க் கால்ல இருக்கிற முறிவு பரவாயில்ல, கம்பி வெச்சா கூடிடும். முட்டிதான் மொத்தமா நொறுங்கியிருக்கு. அந்தக் காலை இனிமே மடக்க முடியாது. எப்படி ஆச்சு?"

கட்டிலிலிருந்து பல்லி முனகினான். "ஜாக்கி நழுவிடுச்சு டாக்டர். வண்டி மேல விழுந்துடுச்சு."

"ஆமா டாக்டர்" என்றார் மேஸ்திரி. "நான் பக்கத்துலதான் இருந்தேன். ஜாக்கிதான்." குனிந்து பல்லியின் தோளைத் தடவினார். "கவலைப்படாத மச்சான், நான் இருக்கேன்" என்றார். பல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

தபாலக்கா அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மடக்கவே முடியாத காலோடு இவன் எந்த வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பான்? பேசாமல் இருந்தால் இன்றோடு சண்டை தீர்ந்தது. மாமனும் மச்சானும் சேர்ந்துவிடுவார்கள். இரண்டாவது அடி தம்பிக்குத் தெரியவே தெரியாது, அவன் முதல் அடியிலேயே பாதி மயங்கிவிட்டான்.

"டாக்டர்" என்றாள். "ஜாக்கி இல்ல."

"ஏய், சும்மா இரு" என்றார் மேஸ்திரி.

அவள் சும்மா இருக்கவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் சொல்லாமல் விட்டதை முதலில் சொன்னாள். குவாரிக்காரர் வந்ததை, அடித்ததை, சம்மட்டியைத் தரையில் போட்டதை, தம்பி காலை நீட்டியதைச் சொன்னாள். பல்லி மேஸ்திரியின் கையைப் பிடித்தபடியே அக்காவைப் பார்த்தான்.

"கீழே உடைஞ்சது குவாரிக்காரர் அடிக்கச் சொன்னது டாக்டர்" என்றாள். "முட்டி, என் வீட்டுக்காரர் தானாவே அடிச்சது."